மனுதாரர் விலாசம் தவறு

அந்தக் கவரை மடியில வச்சுக்கிடுங்க அண்ணாச்சி. மேல தட்டுல வச்சா தேவர்குளம் வளைவுல பஸ்சு திரும்பும்போது அது ஒரு பக்கம் போவும், நீங்க ஒரு பக்கம் போவீய. கோர்ட்டுக் காகிதம்தான? எப்படித் தெரியும்னா கேக்கீய? நீளத்தப் பாத்தாலே தெரியாதா. முப்பத்தோரு வருசமா அந்த நீளக் காகிதத்தோடதான் எனக்குக் குடித்தனம்.

எம் பேரு ஆவுடையப்பன். பாளையங்கோட்டையில தோத்தாத்திரி சார் சேம்பர்ல குமாஸ்தா. கேள்விப்பட்டதில்லையா? சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு தோத்தாத்திரி சாரைத் தெரியாதுன்னா, உங்களுக்கு இதுவரைக்கும் ஒரு கேசும் வரலேன்னு அர்த்தம். நல்லா இருந்திருக்கீய. சரி, இப்ப என்ன கேசு? வண்டிப்பாதையா? அடைச்சிட்டானா? அடைப்பான், அடைப்பான். பாதைன்னு ஒண்ணு இருந்தா அதை அடைக்க ஒருத்தன் பொறந்திருப்பாம்லா.

வண்டிப்பாதைன்னா நம்ம சீனியரே பாப்பாரு. தோத்தாத்திரி சாருக்கு சிவில். பாகப்பிரிவினை, வேலி, கிணறு, பாதை எல்லாம் அவரு கை. அவரு பிராது எழுத உக்காந்தாருன்னா ஒரு வாக்கியம் மூணு பக்கம் ஓடும். முற்றுப்புள்ளியே வைக்க மாட்டாரு. "புள்ளி வச்சா எதிர்க்கட்சிக்காரன் அந்த இடைவெளியில நுழைஞ்சிருவான்டா ஆவுடை"ம்பாரு. அவர்ட்ட ஒரு பாகப்பிரிவினை கேசு இருக்கு. போடும்போது வாதி ஒரு கைப்பிள்ளையத் தூக்கிட்டு வந்தாரு. அந்தக் கைப்பிள்ளைக்கு இப்ப காதோரம் நரைச்சிட்டு. கேசு இன்னும் சாட்சி விசாரணைக்கே வரல. ஆனா தோக்கல, பாத்துக்கிடுங்க! இத்தன வருசமா ஒரு நாளு தோக்கல!

கிரிமினலா, ஞானசிகாமணி சார். தொண்டைன்னா அது தொண்டை. ஒண்ணாம் நம்பர் கோர்ட்டுல பேசினாருன்னா மூணாம் நம்பர் கோர்ட்டுல நிக்கிற கைதி நடுங்குவான். ஒரு கொலக் கேசுல நேர்ல பாத்த சாட்சி ஒருத்தன். சாரு ஒன்றரை மணி நேரம் குறுக்கு விசாரணை பண்ணுனாரு. கடைசியில அவன் கூண்டப் பிடிச்சிக்கிட்டு, "அய்யா, அன்னைக்கு எனக்குக் கண்ணு இருந்துச்சான்னே இப்ப சந்தேகமா இருக்கு"ன்னுட்டான்.

வண்டி மோதிட்டா கொம்பையா சார். லாரி, ஆட்டோ, மினி பஸ்சு, எது வேணா மோதட்டும். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டா சாப்பாட்டுல இருந்து பாதியில எந்திரிச்சிருவாரு. வீட்டுல தோசை கருகிட்டாகூட "எத்தன கிலோமீட்டர் வேகத்துல வந்துச்சு?"ன்னுதான் கேப்பாரு. பழக்க தோசம்.

புருசன் பொண்டாட்டி தகராறுக்குத் தனியா ஒரு அம்மா இருக்காவ. செய்யதலி பாத்திமா மேடம். மேலப்பாளையம். நல்ல படிப்பு, நல்ல அறிவு. அவ்வோட்ட ஒரே ஒரு குறை, கேசே போட விட மாட்டாவ. வந்தவன அரை மணி நேரம் பேச விட்டுட்டு சும்மா கேட்டுக்கிட்டு இருப்பாவ. அவன் பேசிப் பேசி, கடைசியில தானே அழுது, மூக்கச் சிந்திட்டு வீட்டுக்குப் போயிருவான். இது ஒரு வக்கீல் செய்யிற வேலையா? சீனியர் எத்தனையோ தடவ ஜாடையா சொல்லிப் பாத்தாரு. சிரிச்சிருவாவ.

இதுல மூணு பேரு ஒரே கேசுக்கு ஒண்ணாப் போயி நின்னது, நம்ம சேம்பர் சரித்திரத்துலயே ஒரே ஒரு தடவதான். அது என் கேசு. நான் மனுதாரர். எதிர்மனுதாரர் யாரா? என் வீட்டுக்காரி. வடிவு.

சிரிக்காதீய. இது போன வருசத்துக் கதை.

பங்குனியில எங்க மாமியா தவறிட்டாவ. வன்னிக்கோனேந்தல்தான் அவ்வோ ஊரு. நான் போவலேன்னு யாரும் சொல்ல முடியாது. போனேன். மாலை போட்டேன். அழக்கூடச் செஞ்சேன். ஒரு மணி பஸ்சப் பிடிச்சு மூணு மணிக்குக் கோர்ட்டுக்கு வந்துட்டேன், அன்னைக்கு ஒரு நகல் வாங்க வேண்டியது இருந்துச்சு. அது தப்பில்லேன்னு வையுங்க. இந்தப் பதினாறாம் நாளு காரியம் இருக்கே, அதுதான் வம்பாப் போச்சு. அன்னைக்குப் பாத்து ஒரு அப்பீலுக்குக் கடைசி நாளு. நீங்களே நியாயம் சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்குத் தாக்கல் பண்ணலேன்னா அப்பீல் செத்துப் போவும். மாமியா ஏற்கெனவே செத்துட்டாவ. எதக் காப்பாத்த முடியுமோ அதத்தான காப்பாத்தணும்?

என்ன, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டீய? வெயில் அடிக்கோ? அந்தக் கண்ணாடிய இழுத்து விடுங்க.

வடிவு ஒண்ணும் சொல்லல. அதுதான் எனக்குச் சங்கடம். ஒரு பொம்பள சண்டை போட்டாத்தான புருசன் பதில் சொல்ல முடியும்? காரியம் முடிஞ்சு வந்தா, சமைச்சா, தொவைச்சா. ரெண்டு மாசம் போச்சு. ஆனி மாசம் ஒரு நாளு காலம்பற, நான் போன்ல பேசிக்கிட்டு இருக்கேன், அன்னைக்கு ஏழு கேசு வாய்தா, ஒரு கையில பேனா. அவ வந்து என்னமோ சொன்னா. இருன்னு கையக் காட்டுனேன். அம்புட்டுத்தான். நான் அதோட சேம்பருக்குப் போயிட்டேன்.

மறுநாளு காலையில காப்பி வரல. சரி, தலைவலியா இருக்கும்னு டீக்கடையில குடிச்சிட்டுப் போயிட்டேன். அதுக்கு மறுநாளும் வரல. அன்னைக்குத்தான் அடுப்படியில எட்டிப் பாக்கேன். அடுப்பு துடைச்சு வச்சிருக்கு. கேஸ் சிலிண்டர மூடி வச்சிருக்கு. ஆளக் காணோம்.

மகளுக்குப் போன் போட்டேன். ஒரே மக, ஓசூர்ல கட்டிக் குடுத்திருக்கோம். "அம்மா வன்னிக்கோனேந்தல்ல ஆச்சி வீட்டுல இருக்கா. இனிமே அங்கதான் இருக்கப் போறாளாம்"னா. "அப்பா, இப்பத்தான் உங்களுக்குத் தெரியுமா?"ன்னு வேற கேட்டா. அந்தப் பிள்ள எப்பவுமே அவ அம்மா பக்கம்தான்.

வடிவுக்கும் போன் போட்டேன். போடாம இல்ல. எடுத்தா. "அந்த வெள்ளைச் சட்டைய எங்க வச்சிருக்க?"ன்னு கேட்டேன். "பீரோவுல ரெண்டாவது தட்டு"ன்னா. சுமுகமாத்தான பேசியிருக்கோம்? இப்படிப்பட்டவ மூணு வாரம் ஆயும் வரலேன்னா என்ன அர்த்தம்?

சேம்பர்ல சொன்னேன். சீனியர் கண்ணாடியக் கழட்டி வச்சாரு. அவரு கண்ணாடியக் கழட்டுனா விசயம் பெருசுன்னு அர்த்தம். "சேர்ந்து வாழணும்னு மனு போட்டுடுவோம்டா ஆவுடை. நம்ம சேம்பர்ல இருந்துண்டு உனக்கு ஒரு பரிகாரம் இல்லேன்னா ஊர் சிரிக்கும்"னாரு. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. நமக்காக ஒரு மனுசன் மூணு பக்க வாக்கியம் எழுதுதாருன்னா சும்மாவா? அதுக்கு முந்தி ஒரு நோட்டீசு அனுப்பணும்லா. "எமது கட்சிக்காரராகிய மேற்படியார் தங்களது பிரிவினால் தாங்கொணா மன உளைச்சலுக்கும் உடல் தளர்ச்சிக்கும் ஆளாகி"ன்னு ஆரம்பிச்சாரு. அதை டைப் அடிக்கும்போதுதான் எனக்கே தெரியும், நான் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்கேன்னு.

பாத்திமா மேடம் மட்டும் என்னத் தனியாக் கூப்பிட்டாவ.

"ஆவுடையப்பன் அண்ணன், நீங்க போய்க் கூப்பிட்டீங்களா?"

"நோட்டீசுல அழைச்சிருக்கோம் மேடம். நாலாவது பத்தி."

"நோட்டீஸ் இல்ல. நீங்க. உங்க காலு. போச்சா?"

"பதிவுத் தபால் மேடம். கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கா."

"வன்னிக்கோனேந்தலுக்கு ஒண்ணே கால் மணி நேரம்தான். பஸ்ல போங்க. இந்தக் கேசுல நான் ஆஜராக மாட்டேன்"ன்னுட்டாவ. முப்பத்தோரு வருசம் உழைச்சவனுக்கு இதுதான் மரியாதை. குடும்பக் கேசுக்குன்னே இருக்கிற ஒரே ஆளு, நம்ம குடும்பத்துக்கு வரல. சீனியர் சொன்னாரு, "அந்தம்மா இல்லேன்னா என்ன, நாங்க மூணு பேர் இருக்கோம்."

நோட்டீசுக்குப் பதில் வந்துச்சு. வக்கீல் பதில் இல்ல. கோடு போட்ட நோட்டுல நாலு பக்கம் கிழிச்சு, கையால எழுதி, பத்திக்குப் பத்தி நம்பர் போட்டு. 'ஒன்று: நோட்டீசின் முதல் பத்தியில் கண்ட விலாசம் தவறு. மனுதாரர் மேற்படி வீட்டில் வசிக்கவில்லை. மேற்படியார் இருபத்தாறு வருடமாகப் பாளையங்கோட்டை, தோத்தாத்திரி வக்கீல் சேம்பரில் வசித்து வருகிறார். இரண்டு: நான் பிரிந்து போகவில்லை. ஒருவர் இல்லாத வீட்டை விட்டு இன்னொருவர் வெளியேறுவது பிரிவு ஆகாது.' சீனியர் அந்த ரெண்டாவது பத்திய மூணு தடவ படிச்சாரு. "யார்ரா எழுதிக் குடுத்தது? மதுரையில எவனோ பெரிய கை"ன்னாரு.

எவனும் இல்ல. அவதான். எனக்கு அந்தக் கையெழுத்துத் தெரியும், பலசரக்குச் சீட்டுல பாத்திருக்கேம்லா. எங்க படிச்சான்னு யோசிச்சேன், பொறவுதான் பிடி கிடைச்சுச்சு. அடுப்படி அலமாரித் தட்டுல விரிக்கிறதுக்கு சேம்பர்ல இருந்து பழைய நகல் காகிதம் கொண்டாந்து குடுப்பேன். டப்பாவத் தொடைக்கும்போதெல்லாம் அவ வாசிச்சிருக்கா. இருபத்தாறு வருசம்! சீரக டப்பாவுக்குக் கீழ இருந்துக்கிட்டு ஒருத்தி வக்கீலுக்குப் படிச்சிருக்கா, எனக்குத் தெரியல.

மனுவத் தாக்கல் பண்ணுனோம். குடும்ப நலக் கோர்ட்டுல ஜட்ஜம்மா. அந்தக் கோர்ட்டுல வக்கீல் பேசணும்னா முன்கூட்டியே அனுமதி கேக்கணும். எங்காளு மூணு பேரும் கருப்புக் கோட்டோட வரிசையா எந்திரிச்சு நின்னாவ. எதிர்த்தாப்புல வடிவு மட்டும், மஞ்சள் பை ஒண்ணு, ஒரு தண்ணிப் பாட்டில்.

"ஒரு மனுவுக்கு மூணு வக்கீலா?"ன்னாவ ஜட்ஜம்மா. "யாராவது ஒருத்தர் பேசுங்க. மத்தவங்க உக்காருங்க."

எனக்காக மூணு பேரும் அடிச்சிக்கிட்டாவ அண்ணாச்சி. அதப் பாக்க நீங்க இருந்திருக்கணும். கடைசியில தொண்டை ஜெயிச்சுது. ஞானசிகாமணி சார் கவுனை இழுத்து விட்டுக்கிட்டு முன்னால போனாரு. நான் மனசுக்குள்ள, வடிவு, நீ தீர்ந்தடின்னு நெனச்சேன். கொஞ்சம் பாவமாவும் இருந்துச்சு.

"நீங்க கணவர் வீட்ட விட்டு உங்க இஷ்டத்துக்குத்தான் போனீங்க. சரிதானே?"ன்னு இடி மாதிரி ஒரு கேள்வி.

"ஆமா"ன்னா.

சாரு அப்படியே நின்னுட்டாரு. கிரிமினல்ல எவனும் ஆமான்னு சொல்ல மாட்டான் பாருங்க. இல்லேன்னு சொன்னாத்தான அவருக்கு அடுத்த கேள்வி இருக்கு. தண்ணி குடிச்சாரு. தொண்டையக் கனைச்சாரு.

"கணவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம போனீங்க."

"சொன்னேன் சார். போன்ல பேசிக்கிட்டு இருந்தாவ. இருன்னு கையக் காட்டுனாவ. பையோட வாசல்ல இருந்தேன். ஆறு இருபது பஸ்சு போச்சு. ஏழு பத்து பஸ்சும் போச்சு. எட்டு மணிக்கு அவ்வோ போன் பேசிக்கிட்டே செருப்ப மாட்டி, என்னத் தாண்டிப் போயிட்டாவ. பொறவுதான் நான் போனேன்."

தாண்டிப் போனேன்னா சொன்னா? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகம் இல்ல. வாசல்ல என்னமோ ஒரு பை கிடந்துச்சு, காலுல தட்டுச்சு, அது மட்டும் ஞாபகம் இருக்கு.

கொம்பையா சார் பின்னால இருந்து ஞானசிகாமணி சார் கோட்டப் பிடிச்சு இழுத்து, "எத்தன வேகத்துல தாண்டுனாருன்னு கேளுங்க"ன்னு கிசுகிசுத்தாரு. அவரு அதக் காதுல வாங்காம அடுத்ததுக்குப் போயிட்டாரு.

"உங்க கணவர் குடிப்பாரா?"

"இல்ல."

"அடிப்பாரா?"

"இல்ல."

"பாத்துக்குங்க கனம் கோர்ட்டார் அவர்களே!"ன்னு சாரு கைய விரிச்சாரு. அதோட உக்காந்திருக்கலாம். வடிவு இன்னும் முடிக்கலேங்கிறத அவரு கவனிக்கல.

"குடிச்சாலாவது வீட்டுல விழுந்து கிடப்பாவ சார்"னா.

கோர்ட்டுல எல்லாரும் சிரிச்சிட்டாவ. டவாலிச் சேவகன் சிரிச்சான். டைப்பிஸ்ட் அம்மா மெசினு மேல தலைய வச்சு சிரிச்சுது. என் சீனியரே சிரிச்ச மாதிரி எனக்கு ஒரு சந்தேகம், கேட்டா இருமுனேன்னாரு.

ஜட்ஜம்மா சிரிக்கல. என்னக் கூண்டுல ஏறச் சொன்னாவ. "உங்க சேம்பர்ல ஒரு பழைய பாகப்பிரிவினை கேஸ் இருக்குன்னு சொல்வாங்களே, நம்பர் தெரியுமா?"ன்னு கேட்டாவ. தெரியாமலா? வருசம், நம்பரு, எந்தக் கோர்ட்டு, அடுத்த வாய்தா தேதி, இதுவரைக்கும் மாறுன நீதிபதி எத்தன பேரு, கடகடன்னு ஒப்பிச்சேன். ஜட்ஜம்மா அசந்துட்டாவ, எனக்கு அது முகத்துலயே தெரிஞ்சுது.

"போன தை மாசம் உங்க மனைவிக்குக் கண்ணுல புரை ஆபரேஷன் நடந்திருக்கு. எதிர்மனுவுல எழுதியிருக்காங்க. எந்தக் கண்ணு?"

நான் வடிவப் பாத்தேன். அவ என்னப் பாக்கல, சன்னல் வழியா வெளிய பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டு கண்ணும் ஒண்ணு மாதிரிதான் இருந்துச்சு.

"இடது"ன்னேன்.

"வலது"ன்னா அவ. மெதுவாத்தான் சொன்னா. ஞானசிகாமணி சார் தொண்டையில இருந்து வந்திருந்தாக்கூட எனக்கு அப்படிக் கேட்டிருக்காது.

ரெண்டுல ஒண்ணுதான அண்ணாச்சி. யாருக்கும் தப்பும். அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூடப் போறதாத்தான் இருந்தேன். வேற ஒரு வாய்தா வந்துட்டு. பக்கத்து வீட்டு டீச்சரு கூடப் போனாவ. போனாவளா, இல்ல தனியாத்தான் போனாளா, அது சரியாத் தெரியல.

ஜட்ஜம்மா மனுவப் புரட்டுனாவ. சீனியர் எழுதுன மூணு பக்க வாக்கியம். முழுக்க வாசிச்சாவ, பாவம், மூச்சு விடாம. வாசிச்சு முடிச்சிட்டு, "மனைவி கணவரோட சேர்ந்து வாழணும்னு கேட்டிருக்கீங்க. எந்த வீட்டுலன்னு எங்கேயும் எழுதல"ன்னாவ.

சீனியர் எந்திரிச்சாரு. மனுவ வாங்கிப் பாத்தாரு. மறுபடி பாத்தாரு. உக்காந்துட்டாரு. வேலி எந்தப் பக்கம், கிணறு எந்த மூலை, நாலு எல்லையும் சங்கிலி போட்டு அளந்த மாதிரி எழுதுற மனுசன், வீட்ட விட்டுட்டாரு!

"நீங்க என்னம்மா சொல்றீங்க?"ன்னு வடிவக் கேட்டாவ.

"வந்தாவன்னா கதவு தொறந்துதான் இருக்கும். ஆனா நான் கூப்பிட மாட்டேன். கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் ஓஞ்சிட்டு"ன்னா.

அதுக்கு மேல உத்தரவு. ரெண்டு மாசம் வாய்தா. அந்த ரெண்டு மாசமும் மனுதாரர் கோர்ட்டு வேலை முடிஞ்சதும் எதிர்மனுதாரர் வீட்டுக்குப் போயித் தங்கணும். "அந்தம்மா வர வேண்டாம். நீங்க போங்க. சேர்ந்து வாழ ஆசைப்பட்டது நீங்கதானே?"

வெளிய வந்ததும் சீனியர் என் தோள்ல தட்டி, "பாத்தியாடா, மனுவ அனுமதிச்ச மாதிரித்தான்"னாரு. எனக்கும் அப்படித்தான் பட்டுது. சேந்து வாழணும்னு கேட்டோம், சேந்து வாழுன்னு சொல்லிட்டாவ. எங்கன வாழ்ந்தா என்ன?

மொத நாளு இந்தப் பஸ்சுலதான் போனேன். அஞ்சு இருபது வண்டி. வீட்டு வாசல்ல ஏழெட்டு ஜோடிச் செருப்பு. என்னடா, எழவு வீட்டுக்கு வந்த சனம் இன்னுமா போவலேன்னு உள்ள நுழைஞ்சா, முன்னறையில ஒரு பிளாஸ்டிக் மேசை, அது மேல டேபிள் லைட்டு, அதுக்குப் பின்னால வடிவு. சுத்தி பொம்பளைய. ஒருத்தி விதவைப் பென்சன், ஒருத்தி ரேசன் கார்டுல பேரு தப்பு, ஒருத்திக்குப் பட்டா மாறணும். இவ மனு எழுதிக்கிட்டு இருக்கா! வக்கீல் சன்னது கிடையாது, கோட்டு கிடையாது, பி.எல். கிடையாது. தனியா ஒரு சேம்பரே நடத்துதா!

வாசல்ல நின்ன என்னப் பாத்து ஒரு பொம்பள, "யாருக்கா இவரு?"ன்னுது.

வடிவு நிமிந்துகூடப் பாக்கல. "மனுதாரர்"னா.

"அப்ப வரிசையில உக்காருங்க"ன்னு அந்தப் பொம்பள எனக்கு இடம் காட்டுனா.

உக்காந்தேன் அண்ணாச்சி. வேற என்ன செய்ய? எனக்கு முன்னால நாலு பேரு. முக்கா மணி நேரம். முப்பத்தோரு வருசமா கட்சிக்காரன உக்கார வச்சவன் நான். பெஞ்சுல உக்காந்தா முதுகு இப்படி வலிக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. என் முறை வந்துச்சு. பேனாவ மூடாமலே, "என்ன வேணும்?"னா.

"பசிக்கி"ன்னேன்.

எந்திரிச்சுப் போயி தட்டு வச்சா. ரசம், உருளைக்கிழங்கு. பேசல. ஆனா அப்பளம் பொரிச்சா. வடிவு கோவத்துல இருந்தா அப்பளம் பொரிக்க மாட்டா, எனக்குத் தெரியும். பாருங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லுதா!

நாலஞ்சு நாளு வரிசையில சும்மா உக்காந்து பாத்தேன். அவ எழுதுன காகிதத்தக் கோணலா மடிக்கிறா, ஊசி நூல் போடத் தெரியல. என் கை சும்மா இருக்குமா? "இங்க கொண்டா"ன்னு வாங்கித் தச்சுக் குடுத்தேன். மறுநாளு மேசைக்குப் பக்கத்துல எனக்கு ஒரு ஸ்டூல் கிடந்துச்சு. இப்ப அங்க வார சனமெல்லாம் என்ன "குமாஸ்தா அண்ணாச்சி"ம்பாவ. நான் திருத்தல, ஆனா உள்ளபடிக்கு நான் ஆலோசகர். மனுவ மடிக்கிறது, தேதி போடுறது, ஆள வரிசையா விடுறது எல்லாம் ஆலோசனையோட சேத்திதான்.

ஒண்ணு மட்டும் என்னால ஒத்துக்கிட முடியல. அவ மனுவுல ஒரு வரி எழுதுனா ஒரு புள்ளி வைக்கா. அடுத்த வரி, அடுத்த புள்ளி. எவன் வேணாலும் உள்ள நுழையலாம். ஆனா தாசில்தார் ஆபீசுல வாசிச்ச உடனே புரிஞ்சு கையெழுத்துப் போட்டுருதாவளாம். இதெல்லாம் ஒரு சட்டமா? சீனியர்ட்ட சொன்னேன். கண்ணாடியக் கழட்டுனாரு, திரும்ப மாட்டிக்கிட்டாரு.

சாப்பிடும்போது அன்னைக்குக் கோர்ட்டுல நடந்ததச் சொல்லுவேன். மொதல்ல சொவத்துக்குச் சொல்லுத மாதிரிதான் இருக்கும். ஒரு நாளு கொம்பையா சார் ஒரு ஆட்டுக்குட்டிக்கு நஷ்டஈடு கேட்டு, அந்த ஆடே உயிரோட கோர்ட்டுக்குள்ள வந்த கதையச் சொன்னேன். சிரிச்சுச் சிரிச்சு அவளுக்குப் புரை ஏறிட்டு. தண்ணியக் குடிச்சிட்டு, "அந்த ஆட்ட யாரு உள்ள விட்டா?"ன்னு கேட்டா. இருபத்தாறு வருசத்துல என் வேலையப் பத்தி அவ கேட்ட மொதக் கேள்வி அதுதான். இல்ல, முன்னாலயும் கேட்டிருப்பாளோ என்னமோ. நான் போன்ல இருந்திருப்பேன்.

எங்க மாமியா படம் ஒண்ணு முன்னறையில மாட்டியிருக்கு. ஒரு நாளு அதுக்குப் பூ வச்சேன். வடிவு பாத்தா. பாத்துட்டு உள்ள போயிட்டா. ரொம்ப நேரம் வெளிய வரல. எனக்கு ஏன்னு விளங்கல, வெங்காயம் அரிஞ்சாளோ என்னமோ.

ரெண்டு மாசம் ஆச்சு. கோர்ட்டு. இந்தத் தடவ எங்க தரப்புல சீனியர் மட்டும்தான் வந்தாரு. பாத்திமா மேடம் பின்னால பெஞ்சுல சும்மா வந்து உக்காந்திருந்தாவ. "பஸ்ல உக்கார இடம் கிடைக்குதா அண்ணன்?"ன்னு மட்டும் கேட்டாவ.

ஜட்ஜம்மா வடிவக் கேட்டாவ. "தினமும் வந்தாரா?"

"வந்தாவ. ரெண்டு நாளு வண்டி ரிப்பேர்னு லேட்டா வந்தாவ."

"ஏதாவது குறை இருக்கா?"

"ரொம்பப் பேசுதாவ"ன்னா.

சீனியர் எந்திரிச்சு, மனுவ மேற்கொண்டு நடத்த விரும்பலேன்னு சொன்னாரு. ஜட்ஜம்மா தள்ளுபடின்னு எழுதிட்டாவ. தள்ளுபடின்னா தோல்வின்னு நெனச்சிறாதீய. சட்டத்துல அதுக்கு ஆயிரம் அர்த்தம் இருக்கு. நான் கணக்குப் பாத்தேன், ஜெயிச்சது நம்ம சேம்பர்தான். யார்ட்ட வேணாலும் கேளுங்க. வடிவுட்ட மட்டும் கேக்க வேண்டாம்.

அன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னோம், நானும் அவளும். "கேசு முடிஞ்சிட்டு"ன்னா. "ஆமா"ன்னேன். "இனி நீங்க வரணும்னு உத்தரவு ஒண்ணும் இல்ல"ன்னா. "இல்லதான்"னேன். அவ வான்னும் சொல்லல, வராதன்னும் சொல்லல. பைய எடுத்துக்கிட்டு ஆட்டோவுல ஏறிப் புது பஸ்ஸ்டாண்டுக்குப் போனா. கூடப் போனேன், பை கனமா இருந்துச்சு. வண்டி நின்னுச்சு. அவ ஏறி சன்னல் ஓரமா உக்காந்தா. நான் கீழ நிக்கேன். சேம்பர்ல மறுநாளைக்கு ஆறு வாய்தா. எத்தனையோ உத்தரவ நகல் எடுத்துக் குடுத்திருக்கேன் அண்ணாச்சி. உத்தரவே இல்லாட்டா என்ன செய்யணும்னு எந்தக் காகிதத்துலயும் நான் பாத்ததில்ல.

வண்டி பொறப்பட்டுது. நகர ஆரம்பிச்சதுக்குப் பொறவுதான் ஏறுனேன், கண்டக்டர் ஏசுனாரு. வடிவு பக்கத்துல இடம் இருந்துச்சு. உக்காந்தேன். அவ சன்னல் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தா. கண்டக்டர் அவட்ட டிக்கெட்டுக்குக் கைய நீட்டுனாரு, அவ பையத் தொறந்தா.

நான் முந்திக்கிட்டேன். "வன்னிக்கோனேந்தல். ரெண்டு"ன்னேன்.

அவ திரும்பல. பைய மூடி மடியில வச்சுக்கிட்டு, சேலைய இழுத்துச் சொருகி, எனக்கு இன்னும் நாலு விரக்கடை இடம் விட்டு உக்காந்தா.

அந்தா, கண்டக்டர் அலாரம் மாதிரி விசில் அடிக்கான் பாருங்க, வன்னிக்கோனேந்தல் வந்துட்டு. கொஞ்சம் காலை ஒதுக்குங்க அண்ணாச்சி. நான் எறங்கணும்.